முதல் ஓலை

“பேரை எழுதாட்டி என்ன இப்ப, நான் செத்தா போயிடுவேன்—”

“ஆமா, செத்தவருன்னுதான் அர்த்தம். அம்மா பேர்ல மட்டும் ஓலை வாசிச்சா—”

“ஏட்டி, நான் சொல்லுததை முழுசா—”

“—சபையில அம்புட்டுப் பேரும் என் கழுத்தைத்தான் திரும்பிப் பாப்பாக, தாலி கெடக்கா போச்சான்னு!”

“—முழுசாக் கேக்கியா? வியாழக்கிழமை வரைக்குந்தான் பொறுக்கச் சொல்லுதேன். ஒரே ஒரு வியாழக்கிழமை!”

“இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை வியாழக்கிழமை வந்துபோச்சு? எண்ணிச் சொல்லுங்க பாப்போம்.”

மேஜைக்கு அந்தப் பக்கம் எம்.எல்.ஏ. ஐயாதுரை, இந்தப் பக்கம் அவர் மனைவி ஜெயபாய். நடுவில் ஒரு அரைத்தாள், பறக்காமலிருக்க அதன்மேல் அவர் காபி டம்ளர். ஸ்ரீவில்லிபுத்தூர் வேதக்கோயிலிலிருந்து உபதேசியார் தவசிமுத்து நேற்றுச் சாயங்காலம் ராஜபாளையத்துக்கு சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போன தாள் அது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும்.

வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீட்டில் கல்யாணம் என்றால் சும்மா பத்திரிகை அடித்து ஊருக்குக் கொடுத்துவிட்டால் ஆகாது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்ன சபை இன்னார் மகனுக்கும் இன்ன சபை இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப்போகிறது, யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் சபையைப் பார்த்துக் கேட்பார். பாதிரியாரை அங்கே ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் கேட்டு இதுவரை யாரும் எழுந்து நின்றதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருப்பார். பிறகு அடுத்த பாட்டுக்கு நம்பர் சொல்லிவிடுவார்.

அந்தத் தாளில் ‘பெண்ணின் தகப்பனார்’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் காலையிலிருந்து இந்தச் சண்டை.

ஜெயபாய்க்கு ஓலை வாசிக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ஐயாதுரையைக் கட்டிக்கொண்டாள். ஞானஸ்நானம் வாங்காதவனைக் கட்டினாள் என்று சபை அவளை ஒரு வருஷம் நற்கருணைக்குச் சேர்க்கவில்லை. அன்றைக்கு ஐயாதுரை சொன்னார்: “சட்டம் மாறட்டும் ஜெயா. மாறின மறுநாளே வந்து தலையில தண்ணி வாங்கிக்கிடுதேன்.” மனசாரத்தான் சொன்னார். குளிக்கும்போது கோயில் பாட்டுப் புத்தகமான பாமாலையில் பாதியை மனப்பாடமாகப் பாடுகிற மனுஷன். ஆனால் கோயில் படி ஏறமாட்டார். ஏறினால் ஜாதிச் சான்றிதழ் போய்விடும். இந்து ஆதிதிராவிடர் என்ற அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் தனித்தொகுதியில் நிற்க முடியும். சிலுவையைக் கும்பிட்டால் சேரியில் இருக்கிறவன் சேரியில்தான் இருப்பான், தெருவில் அவனுக்கு நடக்கிறதெல்லாம் நடந்துகொண்டுதான் இருக்கும், சலுகை மட்டும் கிடையாது என்கிற சட்டம்.

இந்த வருஷம், தொண்ணூறில், புத்த மதத்துக்குப் போனவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு என்று தில்லியில் திருத்திவிட்டார்கள். அப்படியானால் கிறிஸ்தவர்களுக்கும் கொடு என்று மத்திய அரசைக் கேட்க ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தார் ஐயாதுரை. உறுப்பினர்கள் தனியாகக் கொண்டுவருகிற தீர்மானத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். இரண்டு தடவை எம்.எல்.ஏ. ஆகியும் வராத சீட்டு இந்தத் தடவை வந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை அவர் முறை.

“கலெக்டர் ஆபீசுல என் பேர்ல மொட்டைப் பெட்டிஷன் ஒண்ணு கெடக்கு, தெரியும்லா? கள்ள வேதக்காரன்னு எழுதியிருக்கான். ஞாயித்துக்கெழமை மைக்ல என் பேரை வாசிச்சா, திங்கக்கெழமை அது கலெக்டர் மேஜைக்கு வந்துரும். செவ்வாக்கெழமை கட்சியில கூப்பிட்டு, ‘நீ பேசாண்டாம்ப்பா, கட்சிக்குத் தலைவலி’ம்பாங்க. பொறவு யாரு பேசுவா? சீட்டு என் பேர்ல விழுந்திருக்கு. நான் எந்திரிக்காட்டி அது அம்புட்டுதான்.”

“அப்ப ஓலையை ஒரு வாரம் தள்ளுங்க.”

“மாப்பிள்ளைக்குப் பட்டாளத்துல லீவு எத்தனை நாளு?”

ஜெயபாய் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இருபது நாள். மூன்று ஞாயிறு வாசித்து நான்காம் நாள் கல்யாணம் வைத்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

உள்ளேயிருந்து லீலாபாய் தலையை நீட்டினாள். கல்யாணப் பெண். தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. “அம்மா, எம் பேரை வாசிச்சாப் போதும்மா. அப்பா யாருன்னு ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியும். கோயில்ல சொல்லணும்லா?”

“ரெண்டு பேரும் சத்தத்தைக் கொறைங்க. வாசல்ல ஆள் நிக்கி,” என்றாள் லீலாபாய்.

வாசலில் நின்றது வேலுத்தாய். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவள். சேலை முந்தியில் வெள்ளை நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் வந்திருக்கிறாள்.

“டீச்சரம்மா, சண்டை முடிஞ்சுதா? இல்ல, ஒரு சுத்து போயிட்டு வரட்டா?”

“முடியாது. நீ வா.”

“உக்காரும்மா,” என்றார் ஐயாதுரை. “சர்ட்டிபிகேட் வந்துட்டா?”

வேலுத்தாயின் மகள் பள்ளிக்கூடத்தில் சீனியம்மாள், சபையில் சாராள். நர்சு படிப்புக்கு மதுரையில் இடம் கிடைத்திருக்கிறது. பத்து நாளைக்குள் ஜாதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தாலுகா ஆபீசிலிருந்து ஆர்.ஐ. வீட்டுக்கு விசாரணைக்கு வருவார் என்றதும் ஐயாதுரைதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார், எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற மாதிரி: சுவரில் ஏசு காலண்டர் இருந்தால் கழற்றி வை, வேற சாமி காலண்டர் ஒன்று மாட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு. அந்தக் காலனியில் விசாரணை என்றால் காலண்டர்கள் வீடு மாறுவது வழக்கம்.

“நீங்க சொன்னபடிதான் ஐயா செஞ்சேன். ஏசப்பாவைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள வச்சேன். பக்கத்து வீட்டு இருளம்மாகிட்ட முருகன் காலண்டர் ஒண்ணு வாங்கியாந்து மாட்டுனேன்.”

“சரி.”

“அது போன வருஷத்துக் காலண்டரு ஐயா.”

ஜெயபாய் புறங்கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“தேதித்தாள் பூராவும் கிழிச்சாச்சு. அட்டையும் முருகனுந்தான் மிச்சம். ஆர்.ஐ. பாத்தாரு. ‘ஏம்மா, உங்க வீட்ல வருஷமே முடிஞ்சு போச்சா’ன்னாரு. நானும் சிரிச்சுட்டேன். அதோட விட்டிருப்பாரு. ஆனா முருகன் சின்னது ஐயா, ஏசப்பா பெருசு. சுவரெல்லாம் அடுப்புப் புகை. ஏசப்பா இருந்த எடம் மட்டும் வெள்ளையா, கட்டம் போட்டாப்புல, முருகனைச் சுத்தித் தெரியுது. அவரு அந்தக் கட்டத்தையே பாக்காரு. நானும் பாக்கேன். எம் மகளும் பாக்கா.”

“பொறவு?”

“‘நீ எந்தச் சாமி கும்பிடுத’ன்னு கேட்டாரு. சொல்லிட்டேன்.”

ஐயாதுரை நெற்றியைத் தடவிக்கொண்டார். “ஏம்மா, வாயைத் திறக்காம நின்னிருக்கலாம்லா. எம்புட்டுத் தடவை சொன்னேன்.”

“அவரு அதட்டியிருந்தா எனக்குப் பொய் வந்திருக்கும் ஐயா. எத்தனை ஆபீசுல சொல்லியிருக்கேன். அவரு, ‘பயப்படாம உண்மையைச் சொல்லும்மா’ன்னு தன்மையாக் கேட்டுட்டாரு. என்னைய அப்படி ஒரு ஆபீசரு கேட்டதே இல்ல. வாய் தன்னால வந்துட்டு.”

சிரிக்கிற மாதிரிதான் தொடங்கினாள். முடிக்கும்போது முந்தியிலிருந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஐயாதுரை தாசில்தாருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் சொன்னது ஜெயபாய்க்குக் கேட்கவில்லை. இவர் சொன்னது மட்டும் கேட்டது. “ஆமா சார்… ஆமா… எழுதிட்டாரா… சட்டந்தான் சார், நான் இல்லைங்கல… பி.சி.ன்னு வேணா கொடுப்பீங்க, அதுக்கு அந்த இடம் வராதே சார்… சரி. சரி.” போனை வைத்த பிறகும் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“வியாழக்கிழமை இதைச் சட்டமன்றத்துல சொல்லப்போறேன் வேலுத்தாய். உன் சுவரை. அந்த வெள்ளைக் கட்டத்தை. சொல்லட்டா?”

“எம் பேரைச் சொல்லாதீய ஐயா.” எழுந்து வாசல் வரை போனாள். திரும்பினாள். “இல்ல, சொல்லுங்க. இனி ஒளிக்க என்ன இருக்கு? எழுதிட்டாருல்லா.”

அவள் போன பிறகு அந்த அரைத்தாள் மட்டும் மேஜையில் கிடந்தது. ஜெயபாய் அதை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சட்டமன்றம் கூடுவதற்கு முன்னால் ஐயாதுரை பீரோவில் சாய்ந்து நின்று பேசிப் பார்ப்பார். ஜெயபாய் அடிஸ்கேலை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். பேரவைத் தலைவரும் அவள்தான், அமைச்சரும் அவள்தான், எதிர்க்கட்சி வரிசையும் அவள்தான். இஸ்லாமியர் அடக்கஸ்தலத்துக்குப் பாதை கேட்ட பேச்சு இந்த அறையில்தான் முதலில் அரங்கேறியது. ஆதிதிராவிடர் விடுதிக்குக் கிணறு கேட்ட பேச்சும் இங்கேதான். “நீ கேட்ட கேள்வியில பாதியைக்கூட அமைச்சர் கேக்கல ஜெயா” என்று சென்னையிலிருந்து வந்து சொல்லுவார்.

அன்றைக்குச் சாயங்காலமும் அதே மாதிரி நின்றார். சண்டைக்குப் பிறகு கூப்பிட மாட்டார் என்றுதான் ஜெயபாய் நினைத்திருந்தாள். கூப்பிட்டார். அவளும் அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே—”

“அஞ்சு நிமிஷந்தான் உண்டு.”

“பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க.”

“அமைச்சர் அவசரமாப் போகணுமாம். பேசுங்க.”

பேசினார். எழுதிவைத்துப் படிக்கிறவர் இல்லை. வேலுத்தாயின் சுவரை அப்படியே கொண்டுவந்து நிறுத்தினார்.

“பேரவைத் தலைவர் அவர்களே, ஒரு தாய் தன் மகளைப் படிக்க வைப்பதற்காகத் தன் கடவுளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள். அந்த அம்மாளை நாம் பொய் சொல்லச் சொல்கிறோம். பொய் சொன்னால் சான்றிதழ் கொடுக்கிறோம். உண்மையைச் சொன்னால் பறித்துக்கொள்கிறோம். இப்படி ஒரு சட்டம் எந்த நியாயத்தில் சேர்த்தி?”

அடிஸ்கேல் மடியில் அப்படியே கிடந்தது. இவ்வளவு நன்றாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரப்பார்த்தது. வரவிடாமல், தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அமைச்சரின் குரலை எடுத்தாள். அமைச்சர் எப்போதும் மூக்கால்தான் பேசுவார்.

“உறுப்பினர் அவர்கள் ஒரு காலண்டரைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். உறுப்பினர் அவர்கள் வீட்டுச் சுவரில் என்ன காலண்டர் தொங்குகிறது என்று இந்த மன்றம் அறிந்துகொள்ளலாமா?”

ஐயாதுரை சிரித்துவிட்டார். முன்னறைச் சுவரைக் கையைக் காட்டினார். “பேண்டேஜ் கம்பெனி காலண்டர். அய்யனார் கோவில் அருவி. தண்ணி மட்டுந்தான் கொட்டுது. சாமி ஒண்ணும் இல்ல.”

“சுவரைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். உறுப்பினர் சாய்ஞ்சு நிக்கிற பீரோவுக்கு உள்பக்கம்?”

அவர் முதுகு பீரோவிலிருந்து விலகியது. கதவின் உள்பக்கத்தில், சேலைகளுக்கு எதிரே, ஜெயபாயின் கோயில் காலண்டர் வருஷாவருஷம் அங்கேதான் தொங்கும். வந்தவர்கள் கண்ணில் படாத இடம். அந்த இடத்தைப் பார்த்துச் சொன்னதும் அவர்தான்.

“இதை ஒருத்தனும் கேக்கமாட்டான்.”

“எதிர்க்கட்சிக் கருத்தப்பாண்டி சொல்லிக் கொடுப்பான். மொட்டைப் பெட்டிஷன் எழுதினவனுக்கு இதை எழுத எம்புட்டு நேரம் ஆகும்?”

“ஆட்சேபிக்கிறேன், தலைவர் அவர்களே. இது என் சொந்த விஷயம்.”

“வேலுத்தாய் வீட்டுச் சுவர் சொந்த விஷயம் இல்லையா?”

விளையாட்டாகத்தான் தொடங்கியது. எந்த இடத்தில் விளையாட்டு நின்றது என்று இருவருக்கும் தெரியவில்லை. அமைச்சரின் மூக்குக்குரல் அவளிடமிருந்து எப்போதோ போய்விட்டிருந்தது. ஐயாதுரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் அங்க நிக்கது எனக்காக இல்ல ஜெயா. அது உனக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“உண்மையைச் சொல்லிட்டா நான் யோக்கியன் ஆயிருவேன். சரி. ஆனா கேக்க ஆள் இருக்காது. ஒளிச்சு வச்சா ஆள் இருக்கும். இருபத்திரண்டு வருஷமா நான் ஆள் இருக்கட்டும்னுதான் பாத்தேன்.”

“அதுவும் தெரியும்.”

“பின்ன ஏன் கேட்ட?”

“நான் கேக்காட்டி வேற ஒருத்தன் கேப்பான். நீங்க இதே மாதிரிதான் அங்கயும் முழிப்பீய. அதுக்குத்தானே என்னைய அமைச்சரா உக்கார வச்சிருக்கீய?”

அதற்கு மேல் ஒத்திகை நடக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. லீலாபாய் பூக்கட்டிக்கொண்டிருந்தாள், ஐயாதுரை சோழபுரத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். ஜெயபாய் அரைத்தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். மாப்பிள்ளை பெயர், மாப்பிள்ளை தகப்பனார் பெயர், அவர்கள் சபை எல்லாம் எழுதினாள். மகள் பெயரை நிறுத்தி எழுதினாள். ‘பெண்ணின் தகப்பனார்’ வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டாள்.

வேலுத்தாயின் மகளைத்தான் நினைத்தாள். அந்தப் பெண்ணுக்கு இந்த வருஷம் போனது போனதுதான். ஆனால் காலனியில் இன்னும் எத்தனை சீனியம்மாள்கள், எத்தனை சாராள்கள். வியாழக்கிழமை அந்தப் பேச்சு நடக்காமல் போனால் அதற்குக் காரணம் இந்த வரியில் இவள் எழுதிய பெயராக இருக்கும். தன் ஆசைக்கு அவ்வளவு விலை கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த வரியில் ‘தாயார்: ஜெயபாய்’ என்று எழுதி மையை ஊதினாள்.

மதியம் வந்த உபதேசியார் தவசிமுத்து தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“டீச்சர், இந்த எடம் வெறுமையா இருக்கே.”

“இருக்கட்டும்.”

“அப்ப அம்மா பேர்ல மட்டும் வாசிக்கச் சொல்லவா?”

“சொல்லுங்க.”

“சாரு…”

“சாருக்கு வியாழக்கிழமை வேலை இருக்கு உபதேசியாரே.”

“சரி டீச்சர்,” என்றார் தவசிமுத்து. தாளை வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. லீலாபாய் ஜன்னலோரம். நடுவில் ஜெயபாய். ஐயாதுரை போகிற வருகிறவர்களின் வணக்கத்துக்கெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டே வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்ததும் குனிந்து கேட்டார்.

“என்னன்னு எழுதின?”

“வாசிக்கும்போது கேட்டுக்கிடுங்க. உங்க எடத்துக்குத்தான் மைக் சத்தம் நல்லாக் கேக்கும்லா.”

அவர் இடம் என்பது கோயிலுக்கு எதிரே சாகுல் ஹமீதின் தையல் கடை. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் ஜெயபாயைக் கோயில் வாசல் வரை கொண்டுவிடுவார். ஆராதனை முடிகிறவரை அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஊரில் இருக்கிற ஞாயிறுகளில் அதே ஸ்டூல்தான். ஜெயபாய் குடையை அந்தக் கடையில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கும் வைக்கப் போனாள்.

“வாங்க அண்ணாச்சி. வாங்க மைனி. கல்யாணப் பொண்ணு வந்திருக்காப்புல.” சாகுல் ஹமீது கழுத்தில் தொங்கிய டேப்பைச் சரிசெய்துகொண்டே ஸ்டூலைத் துடைத்தார். “இன்னைக்கு ஓலை வாசிக்காகளாமே. உள்ள போகலியா அண்ணாச்சி?”

“பேப்பர் வந்துட்டா?”

“நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதீய? இருபத்திரண்டு வருஷமா எங்கடையில உக்காந்து பிரசங்கம் கேக்கீய. உங்களால நானே பாதி வேதம் படிச்சுட்டேன். பள்ளிவாசல் அசரத்து கேட்டா என்ன பதில் சொல்லப்போறனோ தெரியல.”

“நீ மீதிப் பாதியையும் படிச்சுரு பாய்.”

“வெள்ளிக்கெழமையானா நான் தொப்பியை மாட்டிக்கிட்டு நடுத்தெருவுல நடந்துதான் தொழுகைக்குப் போறேன். ஒருத்தரும் என்னைய ஏன்னு கேக்கல. உங்களுக்கு அஞ்சடி அகலத் தெருவைத் தாண்ட முடியல. எனக்குப் பாதை வாங்கிக் கொடுத்த மனுஷன் நீங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஐயாதுரை பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். முதல் மணி அடித்தது. ஜெயபாய் மகளைக் கூட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

கோயிலுக்குள் நுழைந்ததுமே பார்த்துவிட்டாள். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் கருத்தப்பாண்டி உட்கார்ந்திருந்தான். எதிர்க்கட்சிக்காரன், போன தேர்தலில் ஊர் ஊராக மைக் கட்டி ஐயாதுரையை ஏசினவன். கோயிலுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஜெபத்துக்கு எல்லோரும் முழங்காலில் நின்றபோது அவன் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தான். சட்டைப் பையில் குட்டி நோட்டு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

லீலாபாய் தாயின் கையைப் பிடித்தாள். “அம்மா, அந்தாளு—”

“பாத்தேன். அவனுக்கு இன்னைக்கு எழுத ஒண்ணும் இல்ல. பாட்டைப் பாரு.”

அதைச் சொன்னபோது ஜெயபாய்க்கு ஒரு நிம்மதிகூட வந்தது. நல்ல வேளை, எழுதவில்லை. வியாழக்கிழமை பத்திரமாக இருக்கிறது.  அவள் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பாடத் தொடங்கினாள்.

பாட்டு முடிந்தது. அறிவிப்புகள். வாலிபர் கூட்டம் புதன்கிழமை. காணிக்கைப் பையைத் தைத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி. பிறகு ஐயர் கண்ணாடியை மேலே தள்ளி, அந்த அரைத்தாளை எடுத்தார். மைக் ஒரு தடவை கீச்சிட்டு அடங்கியது.

“விவாக அறிவிப்பு. சிவகாசிச் சபையைச் சேர்ந்த திருவாளர் ஏசுவடியான் அவர்களின் குமாரன் செல்வன் ஜெபசிங்குக்கும்…”

ஐயர் ஒரு கணம் நிறுத்தினார். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“…இந்தச் சபையைச் சேர்ந்த திருமதி ஜெயபாய் அம்மாள் அவர்களின் குமாரத்தி செல்வி லீலாபாய்க்கும்…”

முன்வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பினார்கள். அவர்கள் பார்வை ஜெயபாயின் முகத்துக்கு வரவில்லை. கழுத்துக்குத்தான் வந்தது. ஜெயபாய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளப் போனவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ளட்டும்.

“…பரிசுத்த விவாகம் நடத்த நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இது முதலாம் ஓலை. இந்த விவாகம் குறித்து உங்களில் யாருக்காவது ஆட்சேபணை உண்டானால், இப்பொழுது சொல்லலாம்.”

வழக்கமான அந்த ஒரு மூச்சு நேரம். ஐயர் கை ஏற்கெனவே பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு ஆட்சேபணை உண்டு.”

அந்தக் குரலை ஜெயபாய் திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. பீரோவில் சாய்ந்து நின்று எத்தனையோ தடவை அவளிடமே ஆட்சேபணை சொன்ன குரல். ஆனால் அது அவர் எப்போதும் உட்காருகிற இடத்திலிருந்து வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், கோயில் வாசலுக்கு உள்ளேயிருந்து வந்தது.

சபை முழுக்கத் திரும்பியது. பெஞ்சுகள் முனகின. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, படியைத் தாண்டி நாலு எட்டு உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார் ஐயாதுரை. தோளில் எப்போதும் கிடக்கிற துண்டு கையில் சுருண்டிருந்தது. அவருக்குப் பின்னால் கேட்டருகே, கழுத்தில் டேப்போடு, அவர் போட்டுவிட்டு வந்த பேப்பரைக் கையில் பிடித்தபடி சாகுல் ஹமீது. கடைசி பெஞ்சில் கருத்தப்பாண்டி நோட்டை விரித்துவிட்டான். பேனா மூடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் கவ்வியிருந்தான்.

“அப்பா…” என்று லீலாபாய் சொன்னது அவளுக்கே கேட்டிருக்காது.

ஜெயபாய் எழுந்துவிட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வியாழக்கிழமை, வியாழக்கிழமை என்று உதட்டை அசைத்துக் காட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் ஐயர் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்கள்,” என்றார் ஐயர். அவருக்கும் இது முதல் தடவை. கண்ணாடி மூக்குநுனிக்கு இறங்கியிருந்தது. “என்ன ஆட்சேபணை?”

ஐயாதுரை கருத்தப்பாண்டியின் நோட்டை ஒரு பார்வை பார்த்தார். எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“பொண்ணுக்கு அப்பன் சாகல ஐயரே, இந்தா நிக்கேன். எம் பேரையும் சேத்து இன்னொரு தரம் வாசிங்க.”